கழித்துவிட்ட முகடு

அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து, ரத்தத்தில் கலந்திருப்பதை அளக்கும் நிறைநிறமாலைக் கருவியின் பின்புறம் குந்தி, அடைத்துக்கொண்ட குழாயைக் கழற்றிப் புதுசு மாட்டியதில் நிமிர முடியவில்லை. பேர்தான் விஞ்ஞானி, பார்ப்பது சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை.

மாட்டி முடித்ததும் எதுவும் கலக்காத வெறும் கரைப்பானைச் செலுத்திப் பார்த்தாள். திரையில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அது அப்படிக் கிடக்கக் கூடாது.

இத்தனை வருடமாக வெறும் கரைப்பானிலேயே அந்தக் கோட்டில் ஒரு முகடு எழும்பும். கருவியின் அழுக்கு என்று சொல்லி, எல்லா முடிவுகளிலிருந்தும் அதைக் கழித்துவிடுவார்கள். அந்தக் கணக்கைப் போட்டவள் அவள்தான், அதற்குத்தான் அவளுக்கு விருதும் கிடைத்தது. ஆனால் நேரம் மிச்சமாகும் என்று வெறும் கரைப்பானை வரிசையின் கடைசியில், ரத்த மாதிரிகளுக்குப் பிறகு ஓட்டுவதே இங்கே பழக்கம். அழுக்கு என்று கழித்தது, பழைய குழாயில் ஒட்டிக்கொண்டிருந்த ரத்தத்தின் விஷம்.

உறைபெட்டியில், முன்பு சோதனைக்கு வந்த பெயிண்ட் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் ரத்தம் மிச்சமிருந்தது. அதில் ஒரு குப்பி அவள் அண்ணனுடையது. அதை எடுத்து ஓட்டினாள். முகடு குத்திட்டு எழுந்தது.

அந்த அண்ணன் பெயிண்ட் டிரம் உருட்டித்தான் அவள் படித்தாள். கை நடுங்குகிறது என்று தொழிலாளர்கள் மனு கொடுத்தபோது, ரத்தத்தில் விஷமில்லை என்ற அவளுடைய அறிக்கையைக் காட்டித்தான் நிர்வாகம் அவர்கள் வாயை அடைத்தது. அண்ணன் கோபப்படவில்லை. எங்கள் வீட்டு டாக்டரம்மாவுக்குத் தலைவலி மாத்திரை எழுதத் தெரியாது, ரத்தம் மட்டும் நன்றாகத் தெரியும் என்று சிரித்துவிட்டு, மறுபடியும் கலவைத் தொட்டிக்கே போனான்.

இரண்டு முடிவுகளையும் இயக்குநரிடம் கொண்டுபோனாள். அவர் பார்த்துவிட்டுத் தாள்களைக் கவிழ்த்து வைத்தார். இனிமேல் வருகிற மாதிரிகளுக்குச் சரியாகச் செய்யலாம், பழசைக் கிளற வேண்டாம் என்றார். பழசில் என் அண்ணன் இருக்கிறான் என்றாள் அவள்.

"இந்த முறையாலதாம்மா இந்த லேப்பே நிக்குது. உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்காத. அந்தக் குப்பியெல்லாம் கொட்டிடச் சொல்லு."

அவள் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் இரவு ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அண்ணி அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். அவன் விரல் இப்போதெல்லாம் பொத்தானைப் பிடிப்பதில்லை.

"பாத்தியா, மாப்பிள்ளை மாதிரி நிக்கறேன்," என்றான். பிறகு, "மெஷினு மக்கர் பண்ணுதுன்னியே, சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுண்ணே."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"முதுகு வலிண்ணே."

குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் அப்படித்தான், பழகிவிடும் என்று சொல்லி அவள் தோளைத் தட்டினான். தட்டிய கை நடுங்கியது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

'உன் ரத்தத்துல விஷம் இருக்கு.' இந்த ஒரு வரி அவள் அவனுக்குப் பட்ட கடன். அதை அவள் இன்னும் கொடுக்கவில்லை.