கிளட்ச் டீச்சர் பெயரில் இரண்டு கடன்

"கிளட்ச்! கிளட்ச மிதிங்க! அது பிரேக்கு!"

கார் ஒருமுறை குலுங்கி, தும்மல் போட்டு, நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே திட்டித் தீர்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த, கார் ஓட்டப் பழக வந்த நர்ஸுக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"அவரு கத்தட்டும் விடுங்க. அவரும் ஒருநாள் இப்படி நடுரோட்டுல நின்னவர்தான். நிதானமா ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள் டீச்சர்.

அந்த டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவளைக் கிளட்ச் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். சொந்தமாக ஒரு கார் வாங்கி, ஸ்கூலோடு சேர்த்தே பெண்களுக்கென்று தனி வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. முதலாளியும் சரியென்று தலையாட்டிவிட்டார். வங்கியில் கடனுக்கு எழுதிப் போட்டிருந்தாள். சம்பளம் ஒழுங்காக வருகிறது, யாரிடமும் கைமாற்றுகூட வாங்கியதில்லை, கடன் கிடைக்காமல் எங்கே போய்விடும் என்று காரின் நிறம் வரைக்கும் முடிவு செய்து வைத்திருந்தாள்.

நர்ஸ் ஒருவழியாகக் காரை ஓரம் கட்டியபோது வங்கியிலிருந்து போன் வந்தது.

"மேடம், உங்க லோன் ரிஜெக்ட் ஆயிடுச்சு. ஏற்கெனவே ரெண்டு கடன்ல தவணை பாக்கி இருக்கு உங்களுக்கு."

"எனக்கா? வேற யாருக்கோ போட்டுட்டீங்க போல. நல்லா பாத்துச் சொல்லுங்க."

"உங்களுக்குத்தான் மேடம்."

வகுப்பு முடிந்த கையோடு டீச்சர் வங்கிக்குப் போனாள். கடன் பிரிவில் இருந்த அதிகாரி அவளை உட்காரச் சொல்லி, கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதில் இருந்தது டீச்சரின் கடன் அறிக்கை. ஒருவர் எங்கெங்கே கடன் வாங்கியிருக்கிறார், ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று எல்லாக் கடன்களையும் ஒரே இடத்தில் சேர்த்துச் சொல்லும் அறிக்கை. அப்படி ஒன்று தன் பெயரிலும் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். பெயர் அவளுடையது, பிறந்த தேதி அவளுடையது. கீழே இரண்டு கடன்கள். விலை உயர்ந்த செல்போன் ஒன்று தவணையில். இன்னொன்று, செல்போன் ஆப் வழியாக எடுத்த தனிநபர் கடன். இரண்டிலும் கடைசி மாதங்கள் சிவப்பாக இருந்தன.

டீச்சர் தன் கைப்பையிலிருந்து மூலையில் கீறல் விழுந்த பழைய போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். "தவணையில போன் வாங்குற ஆளு வச்சிருக்கற போனா மேடம் இது?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கணமே முகம் மாறியது. "அப்படீன்னா யாரோ உங்க அடையாள அட்டைய வச்சு வாங்கியிருக்காங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்குங்க. தொல்லை தாங்காம இதுல ஒரு காசுகூடக் கட்டிடாதீங்க. கட்டினா, கடன் என்னுதுதான்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் மறுக்கறது ரொம்பக் கஷ்டம்."

"அப்ப என்னதான் பண்ணணும்?"

"இந்த அறிக்கையத் தயாரிக்கற கடன் தகவல் நிறுவனத்துக்கு 'இது என் கடன் இல்ல'ன்னு ஆட்சேபம் எழுதுங்க. கடன் கொடுத்த ரெண்டு கம்பெனிக்கும் அதையே எழுதி, விண்ணப்ப நகலைக் கேளுங்க. போலீஸ்ல புகார் கொடுங்க. எல்லாத்துக்கும் ரசீது வாங்கிப் பத்திரமா வச்சுக்குங்க. வாயால சொன்னதுக்கு சாட்சி கிடையாது."

டீச்சர் அறிக்கையை அச்செடுத்து வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தொடர்பு எண் என்ற இடத்தில் அவளுடையது அல்லாத ஓர் எண் இருந்தது. யாருடையதாக இருக்கும் என்று தன் போனில் அதை அடித்துப் பார்த்தாள். கடைசி இலக்கத்தைத் தொட்டதும் திரையில் பெயர் வந்து நின்றது: 'ஆபீஸ் தம்பி, இன்னொரு நம்பர்'.

இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டாள்.

ஆபீஸ் தம்பி என்பவன் ஸ்கூலில் கணக்கு வழக்கு பார்ப்பவன். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடமும் அங்கே வேலை பார்க்கிறவர்களிடமும் அடையாள அட்டை நகல் வாங்கி ஃபைலில் போடுவதும் அவன்தான். தங்கமான பிள்ளை என்று எல்லோரிடமும் பெயரெடுத்தவன். அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே டீச்சர்தான், அதுவும் சும்மா. கொஞ்ச நாள் முன்பு புது பைக் வாங்கினேன் என்று எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தான். இவள் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள். தன் பெயரில் வாங்கிய கடனுக்குத் தானே வாழ்த்துச் சொல்லி, இனிப்பும் தின்றுவிட்டு வந்திருக்கிறாள்.

வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு கூட்டம். கடன் வசூலிக்க வந்த ஆள் ஒருவன், தெருவுக்கே கேட்கிற குரலில் அவள் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். கூனிக் குறுகி நின்றிருந்தார்.

"போன் மட்டும் புதுசு வேணும், பணம் கட்ட மட்டும் வலிக்குதா?" என்றான் வந்தவன்.

டீச்சர் அவன் முன்னால் போய் நின்றாள். "தம்பி, முதல்ல உங்க அடையாள அட்டையக் காட்டுங்க."

"எதுக்கு?"

"என் வீட்டு வாசல்ல நின்னு கத்தறது யாருன்னு எனக்குத் தெரிய வேணாமா? உங்க கம்பெனிக்கு நான் எழுதப்போற புகார்ல உங்க பேரையும் சேத்துக்கறேன்."

அவன் குரல் பாதியாக இறங்கியது. அட்டையைக் காட்டினான்.

"நான் இந்தக் கடனை வாங்கல. என் பேர்ல மோசடி நடந்திருக்கு. இனிமே எது பேசறதா இருந்தாலும் எழுத்துல அனுப்பச் சொல்லுங்க. போயிட்டு வாங்க" என்றாள். அவன் போன பிறகு எதிர்வீட்டு ஜன்னல்களைப் பார்த்து, "அவ்வளவுதாங்க, முடிஞ்சிருச்சு!" என்று சத்தமாகச் சொன்னாள். ஜன்னல்கள் மூடிக்கொண்டன.

உள்ளே வந்ததும் கணவர் மெல்ல ஆரம்பித்தார். "கையில இருக்கறதப் போட்டு கட்டித் தொலைச்சிடலாமே. தெருவுல தலை காட்ட முடியல."

"நாம என்னங்க தப்பு பண்ணினோம், தலையக் குனிய? திருடினவன் பைக்குல போறான். நாம ஏன் ஒளியணும்?"

அவள் ஆட்சேபம் எழுத உட்கார்ந்தபோது, அவர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் டீச்சர் நேராக முதலாளியின் அறைக்குப் போய் அறிக்கையை மேசைமேல் வைத்தாள். அவர் படித்துவிட்டு ஆபீஸ் தம்பியைக் கூப்பிட்டார். எண்ணைப் பார்த்ததுமே அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, ஏமாத்தணும்னு நினைக்கல. கட்டிடலாம்னுதான் எடுத்தேன். நடுவுல கையில காசு இல்லாமப் போச்சு. தவணை மட்டும் ஒழுங்கா கட்டியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அதுதாம்பா எனக்குப் பயமா இருக்கு" என்றாள் டீச்சர். "தெரியாமலே எத்தனை நாள் என் பேர்ல நீ வாழ்ந்திருப்ப?"

முதலாளி அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். "டீச்சர், நடந்தது தப்புதான். ரெண்டு கடனையும் நானே இன்னிக்கே அடைச்சிடறேன். அவனையும் வேலைய விட்டு அனுப்பிடறேன். போலீஸ் மட்டும் வேணாம். வெளிய தெரிஞ்சா ஸ்கூல் பேரு கெட்டுடும். இத்தனை வருஷம் கஷ்டப்பட்டு சேத்த பேரு."

ஒரு கணம் டீச்சருக்குச் சபலம் தட்டியது. அலைச்சல் இல்லை, அவளுக்கு ஒரு பைசா செலவும் இல்லை. மனிதர் நல்லவர், இத்தனை வருஷம் சோறு போட்டவர். அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். வெளியே நர்ஸ் வகுப்புக்காகக் காத்திருந்தாள்.

"சார், நீங்க அடைச்சிட்டா, வாங்கினதும் நான்தான், இழுத்தடிச்சுக் கட்டினதும் நான்தான்னு என் அறிக்கையில நின்னுடும்." எழுந்து போய்ச் சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தாள். ஃபைல்கள் அடுக்கடுக்காக இருந்தன. "அதுவும் போகட்டும். என் நகலை மட்டும்தான் எடுத்தான்னு உங்களால சத்தியம் பண்ண முடியுமா? இதுல இருக்கறவங்க எல்லாரும் நம்மள நம்பிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. நாம வாயை மூடிக்கிட்டா, அடுத்த வாசல்ல போய்க் கத்துவான் அந்த வசூல்காரன்."

முதலாளி அலமாரியில் இருந்த ஃபைல்களை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து தன் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "வாங்க டீச்சர். ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன்."

புகார் கொடுத்தார்கள். கண்ணாடிக் கடையைப் பாதியில் மூடிவிட்டுக் கணவரும் வந்து கூட நின்றார். அன்றைக்கே முதலாளி, அலமாரியில் இருந்த ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொன்னார். சிலர் திட்டினார்கள். இரண்டு பேர் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நர்ஸின் பெயரிலும் ஒரு கடன் இருந்தது. எடுத்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்ததால், முதல் தவணை தேதி வருவதற்குள்ளேயே தடுத்துவிட முடிந்தது.

டீச்சருக்கு அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. செல்போனுக்குக் கடன் கொடுத்த கம்பெனி சீக்கிரமே தப்பை ஒத்துக்கொண்டது. ஆப் கம்பெனிக்காரர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவளும் சளைக்காமல், புகாரின் நகலை ஒவ்வொரு முறையும் இணைத்துப் பதில் எழுதினாள். கடைசியில் இரண்டு கடன்களும் அவள் அறிக்கையிலிருந்து நீங்கின. வங்கி அதிகாரி தானே கூப்பிட்டு, மறுபடியும் விண்ணப்பிக்கச் சொன்னார். ஆபீஸ் தம்பி மேல் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. பைக்கைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது.

இந்த முறை வங்கிக் கடன் கிடைத்தது. டீச்சரின் காரில் பெண்கள் வகுப்பு தொடங்கிய அன்று, முதல் வகுப்பைச் சாலையில் வைக்காமல் ஆபீஸ் அறையில் வைத்து, தனக்கு நடந்ததைச் சொன்னாள். அலமாரிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. இனி நகல் கொடுக்கிறவர்கள், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அதன் குறுக்கே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று முதலாளி விதி வைத்திருந்தார்.

வந்திருந்தவர்களில் ஒரு பெண் தயங்கிக் கேட்டாள். "இதையெல்லாம் வெளிய சொல்லிக்க உங்களுக்கு வெட்கமா இல்லையா டீச்சர்?"

"வெட்கம் திருடினவனுக்கு இருக்கணும். நமக்கு எதுக்கு?" என்றாள் டீச்சர். "நம்ம பேர்ல யாரு கடன் வாங்கியிருக்காங்கன்னு வருஷத்துக்கு ஒருதரமாவது நாமளே எடுத்துப் பாக்கணும். நம்மளுது இல்லாதது இருந்தா, பயந்துக்கிட்டுக் கட்டவும் கூடாது, மூடி மறைக்கவும் கூடாது. எழுதிக் கொடுத்து, கடைசி வரைக்கும் நின்னு கேக்கணும். நாம வாயத் திறக்காம இருக்கற ஒவ்வொரு நாளும் திருடனுக்கு நாம கொடுக்கற சம்பளம்."