படகில் பொங்கிய பால்

எழுபத்துநாலாம் ஆண்டு வைகாசியில் மெல்பேணுக்கு வந்திறங்கிய கமலினி செய்த முதல் வேலை பால் காய்ச்சியதுதான். புது வீட்டுக்குள் போனால் பால் காய்ச்ச வேண்டும், அது பொங்கி வழிய வேண்டும். வீடு என்று அவள் கணவன் தேவராஜா கூட்டிக்கொண்டு போனது மரிபினோங் ஆற்றில் அவன் வாங்கிக் கட்டி வைத்திருந்த பழைய மீன்பிடிப் படகு. ஒரு குளிர்காலம் மட்டும் என்றான். படகானால் என்ன, முறை முறைதானே என்று அவள் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். பால் பொங்குகிற நேரம் பார்த்துப் பெரிய படகு ஒன்று பக்கத்தால் போக, எல்லாம் ஆடி, சட்டிப் பால் முழுதும் கொட்டுண்டு பலகை இடுக்குகளால் கீழே இறங்கிவிட்டது. இவ்வளவு பொங்கினால் நல்லதுதானே என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஒரு கிழமையில் அந்தச் சிரிப்பு நாறத் தொடங்கியது.

தரைப்பலகைக்கு அடியில் எப்போதும் கறுப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும். டீசலும் மீன் செதிலும் ஊறிய அந்தச் சனியனோடு பாலும் சேர்ந்து புளித்து, திரண்டு, மரத்தில் சளிபோல ஒட்டிக்கொண்டது. தேவராஜா இறைத்துப் பார்த்தான், டெட்டோல் ஊற்றிப் பார்த்தான். ஒன்றும் சரிவரவில்லை. அந்த ஊரில் நடுக்குளிரான ஆடி பிறந்ததும் விடியலில் மேல்தளம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. போர்வை பிசுபிசுத்தது, தலையணையில் பூஞ்சணம் பிடித்தது. ஹீற்றரை மூட்டினால் சூட்டுக்கு நாற்றம் எழும்பி வந்து தொண்டையில் குந்திக்கொள்ளும். மூட்டாவிட்டால் கால்விரல் மரத்துப்போகும். விறைப்பதா, நாறுவதா என்று தினமும் பின்னேரம் தீர்மானிக்கிற பிழைப்பு! சோற்றை வாய்க்குக் கொண்டுபோனாலும் குமட்டியது, புருஷன் கிட்ட வந்தாலும் குமட்டியது. "எனக்கொண்டும் மணக்கேல்லை" என்றான் அந்தப் புண்ணியவான்.

படகை விற்றால்தான் கரையில் ஒரு அறையாவது பிடிக்கலாம். பார்க்க வந்த இரண்டு வெள்ளைக்காரர் ஏணியில் பாதி இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவன் மகாதேவன், தேவராஜாவோடு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அவன் மனைவி விமலா ஐப்பசியில் கொழும்பிலிருந்து வர இருந்தாள்.

"ஹீற்றரை மட்டும் மூட்டிப்போடாதை" என்று தேவராஜா காலையிலேயே சொல்லி வைத்திருந்தான். குளிரில் நாற்றம் அடங்கிக் கிடந்தது. மகாதேவன் கைகளைத் தேய்த்துக்கொண்டு சுற்றிப் பார்த்தான்.

"நல்ல இடம் அண்ணை. அக்கா, விமலா இதுக்கை இருப்பாதானே?"

ஓம் என்று ஒரு சொல் போதும், அடுத்த கிழமையே கமலினி நிலத்தில் நடக்கலாம். சொல் வாய்வரை வந்துவிட்டது. முகம் தெரியாத அந்தப் பெண் இதே கட்டிலில் மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பதை நினைத்தாள். தீப்பெட்டியை எடுத்து ஹீற்றரை மூட்டினாள்.

"கமலி!" என்றான் தேவராஜா.

பத்து நிமிடம் பிடித்தது. மகாதேவன் முகத்தைச் சுளித்தான், இருமினான், சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கில் அழுத்தினான்.

"இதுதான் தம்பி. குளிர் முழுக்க இதுக்குள்ளைதான் நான் கிடக்கிறன். உங்கடை மனுசியைக் கொண்டந்து இதுக்குள்ளை விடாதேங்கோ."

எல்லாம் போச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. தேவராஜா அவளைப் பார்க்கவேயில்லை. மகாதேவன் லேஞ்சியை மூக்கிலிருந்து கொஞ்சம் இறக்கினான்.

"விலையைக் கொஞ்சம் குறைப்பியளோ அண்ணை? நான் வேலைக்குப் போயிடுவன், எவ்வளவு நேரம் இதிலை இருக்கப் போறன்? விமலாவுக்கு இதெல்லாம் எழுதத் தேவையில்லை. வந்தாப் பிறகு பழகியிடுவா. அக்கா பழகேல்லையே?"

"ஓமோம், பழகியிடும்" என்றான் தேவராஜா. போன உயிர் முகத்துக்குத் திரும்பியிருந்தது. இருவரும் கைகுலுக்கினார்கள்.

அவள் ஆசைப்பட்ட கரை கிடைத்துவிட்டது. ஆனால் இந்த இரண்டு முகங்களையும் பார்க்க வந்த அருவருப்பு, அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கூட அவளுக்கு வந்ததில்லை. விற்பனை குழம்பினால் குழம்பட்டும் என்று பேனையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி, விமலாவின்ரை விலாசத்தைச் சொல்லுங்கோ."

"ஏன் அக்கா?"

"நீங்கள் எழுதாததை எழுதத்தான்."