ஓட முடியாத இருபத்தைந்து நிமிடம்

ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறவள் நான். எவ்வளவு ஒளிந்துகொள்கிற நரம்பாக இருந்தாலும் இரண்டாவது தடவை குத்தியதில்லை. அப்படிப்பட்ட எனக்கு, ஆறடி உயரமுள்ள ஒரு ஆளின் கையில் ஒரே ஒரு காகிதத்தைச் சேர்க்க ஏழு மாதமாக வக்கில்லை.

காகிதம், கோர்ட் சம்மன். ஆள், என் கணவர். கணவர் என்று கோர்ட்தான் சொல்கிறது. வீட்டை விட்டு வந்து ஒன்றரை வருஷமாக நான் ‘அந்த ஆள்’ என்றுதான் சொல்கிறேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். வாயைத் திறந்தால் பொய், அவ்வளவுதான். வேலை போனதை எட்டு மாதம் மறைத்து, தினமும் நான் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய்ப் பார்க்கில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்த மனிதர். சாயங்காலம் வந்து மேனேஜரைத் திட்டுவார். நானும் சேர்ந்து திட்டுவேன். அதை இன்று நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

விவாகரத்து வரும்போது வரட்டும், அவசரம் அதற்கில்லை. வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி லேபில் எனக்குத் தலைமைப் பொறுப்பு கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். இரண்டு தடவை கெஞ்சித் தள்ளிப்போட்ட தேதி, இனி ஒரு நாள்கூடத் தள்ளாது. குட்டிக்கு, அதாவது என் மகளுக்கு, எட்டு வயது. அப்பாவின் சம்மதமோ கோர்ட்டின் அனுமதியோ இல்லாமல் அவளை வேறு ஊருக்குக் கூட்டிப்போக முடியாது. சம்மதம் கிடைக்காது. அனுமதி கிடைக்க, முதலில் அவருக்குச் சம்மன் போய்ச் சேர வேண்டும்.

முதல் தடவை ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று சம்மன் திரும்பி வந்தது. இரண்டாவது தடவை ‘ஆள் ஊரில் இல்லை’ என்று வந்தது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறது வக்கீலம்மாவின் ஆபீஸ். கீழே மிஷின் ஓடினால் மேலே மேஜை அதிரும். அதிரும் மேஜையில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றாவது தடவையும் திரும்பினால் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும், அதற்கு நாலு மாதம் ஆகும் என்றார். நாலு மாதத்தில் என் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்து தேய்த்தே பாதியாக்கியிருப்பார்கள்.

அன்றைக்கு அங்கே சம்மன்காரரும் வந்திருந்தார். கோர்ட் காகிதங்களை வீடு வீடாகக் கொண்டுபோகிற ஊழியர், ரிட்டயர் ஆக ஆறு மாதம் இருக்கிறவர். என் மேல் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். நான் சொன்ன அளவுக்கு அந்தக் குடும்பம் மோசமில்லையாம். அந்த ஆளுடைய தம்பி என்ன மரியாதை, என்ன பணிவு, உட்கார வைத்து டீ கொடுத்து, எழுதப் பேனாவும் நீட்டி, அண்ணன் ஊரில் இல்லை என்று எவ்வளவு வருத்தப்பட்டுச் சொன்னார் தெரியுமா என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கொழுந்தன் கப்பலில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

“அந்தத் தம்பிக்கு இடது புருவத்துல ஒரு வெட்டு இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“ஆமாம்மா, சின்ன வயசுல கதவுல இடிச்சிக்கிட்டதாம். அவரே சொன்னார்.”

அதுவும் பொய்தான். என்னிடம் கிரிக்கெட் பந்து என்று சொல்லியிருந்தார். தானே தன் தம்பியாகி, வந்தவருக்கு டீயும் போட்டுக் கொடுத்து, எழுதிக்கொள்ளப் பேனாவும் நீட்டியிருக்கிறார் மனிதர். சம்மன்காரர் முகம் சுண்டிப்போயிற்று. முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் என்று இரண்டு தடவை முணுமுணுத்தார். வக்கீலம்மா மட்டும் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“இந்தத் தடவை நீங்களும் கூடப் போங்க. ஆள் இவர்தான்னு அடையாளம் காட்டுங்க. ஆனா வீட்டுக்கு வேண்டாம், பின்வாசல் வழியா போயிடுவார். அவரால எழுந்து ஓட முடியாத இடமா ஒண்ணு சொல்லுங்க.”

அந்த ஆளைப் பற்றி எனக்கு என்ன தெரியும், பத்து வருஷம் குடும்பம் நடத்தியும் ஒரு மண்ணும் தெரியவில்லை என்றுதானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று பொரிந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கீழே மிஷின் நின்றது. எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது.

அந்த ஆளுக்கு முப்பது வயதிலேயே முழுத் தலையும் நரைத்துவிட்டது. அது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும், அவருக்கு, அவருடைய முடிதிருத்துபவருக்கு, எனக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு மை பூசிக்கொள்வார். காய்ச்சலோ கல்யாணமோ, அந்தப் பத்து மணி மட்டும் மாறாது. ஆரம்பத்தில் நான்தான் வீட்டில் பூசிவிடுவேன், கடிகாரம் பார்த்து இருபத்தைந்து நிமிடம். தாண்டினால் நெற்றி எரிந்து சிவந்துவிடும். அப்புறம் சலூனுக்கு மாறிவிட்டார்.

முதல் ஞாயிறு, பத்தேகாலுக்குச் சலூன் வாசலில் நின்றோம். நான் கதவுக்கு வெளியே, சம்மன்காரர் உள்ளே. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, தலையில் மையைக் கறுப்பாக அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த ஆள். ஓடினால் தெருவே பார்க்கும். கடந்த ஏழு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான்.

சம்மன்காரர் பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்று கேட்டார். அந்த ஆள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“அவர் எங்க அண்ணன் சார். வெளியூர் போயிருக்காரு. போன தடவையே சொன்னேனே.”

சம்மன்காரர் கதவுப் பக்கம் திரும்பினார். நான் உள்ளே போனேன். இந்த நாளுக்காக எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். டிபன் பாக்ஸைக் கேட்க வேண்டும், பார்க் பெஞ்சைக் கேட்க வேண்டும், அப்பா எப்போ வருவார் என்று குட்டி கேட்கும்போது என்ன சொல்லட்டும் என்று கேட்க வேண்டும். எதற்கும் இடமில்லை. சம்மன்காரர் பேனாவைத் திறந்துகொண்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“இவர் உங்களுக்கு என்ன உறவும்மா?”

ஒன்றரை வருஷமாக என் வாயில் வராத வார்த்தை. அதைச் சொன்னால்தான் விடுதலை என்றால் என்ன சட்டம் இது என்று எரிச்சலாக வந்தது.

“இவர் என் வீட்டுக்காரர்” என்றேன்.

கண்ணாடிக்குள் அவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவரிடம் பொய் எதுவும் தயாராக இல்லை. அவசரமாக ஒன்றைத் தேடிப் பிடித்தார். கையெல்லாம் மையாக இருக்கிறது, உள்ளே போய்க் கழுவிவிட்டு வந்து நிதானமாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். உள்ளே கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் பின்கதவு திறந்து கிடந்தது. துணிக்கு அடியில் இருந்த கையில் எப்படி மை வந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“மணி பத்து இருபத்தெட்டு. மூணு நிமிஷம் தாண்டிடுச்சு, நெத்தி எரிய ஆரம்பிச்சிருக்கும். போட்டுட்டுக் கழுவிக்கங்க.”

அவர் துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். சுத்தமான கை. சம்மனை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எழுந்தபோது குட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அவர் கழுவப் போனார். நெற்றி சிவந்துதான் இருந்தது.

வெளியே படியில் உட்கார்ந்து சம்மன்காரர் ரிப்போர்ட் எழுதினார். அடையாளம் காட்டியவர் என்ற இடத்தில் என் பெயர், உறவு என்ற இடத்தில் ‘மனைவி’. அதற்குக் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். விசாரணை இருபத்தி நாலாம் தேதி, அன்றைக்கே குட்டிக்கான அனுமதியைக் கேட்டுவிடலாம், ஒன்றாம் தேதிக்குள் நீங்கள் போய்ச் சேரலாம் என்றார். சுவரில் சாய்ந்து நின்று மூச்சு விட்டேன்.

“மனைவின்னு போட்டுக் கையெழுத்து வாங்கினாங்க மேடம். கடைசி தடவையா இருக்கட்டும்” என்றேன்.

அவர் எதையோ புரட்டுகிற சத்தம் கேட்டது.

“அனுமதி மனுவுல இன்னும் ஒம்பது இடத்துல போடணும்மா. நாளைக்குக் காலையில வந்துடுங்க.”