டீச்சர் ஏறினால் நெட் போகும்

"ஏனுங்க பவுல்ராஜ், கேமரா சரியாத்தான் திரும்பியிருக்குதா?"

"வாசிக்கிற மேடையைத்தானுங்க டீச்சர் பாக்குது."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

ஆலயத்தின் நேரலையைக் கவனிக்கும் பவுல்ராஜ் வயரைத் தரையோடு சேர்த்து டேப் ஒட்டினார். நாளை மாலை கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை. மூன்று மணிக்கே வெலிங்டன் மலைப்பனி ஆலயத்தின் ஜன்னல்களை அடைத்திருந்தது. தபித்தாள் டீச்சர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன் பெஞ்சில் காவல் இருந்தாள்.

காரணம் இருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு பைபிளிலிருந்து ஐந்தாவது வாசிப்பு அவளுடையது. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் ஸ்டெபி, டூட்டிக்கு நடுவே போனும் கையுமாகக் காத்திருந்தாள். டீச்சர் வாயைத் திறந்ததும் நேரலை நின்றது. அவள் இறங்கி உட்கார்ந்த பிறகுதான் திரும்ப வந்தது. அந்த வாசிப்பு அதற்கு முன்பெல்லாம் பவுல்ராஜின் மனைவி எல்சாவுடையது.

"அன்னிக்கு நெட் போயிடுச்சுங்க டீச்சர். எத்தனை தடவை சொல்றது?"

"நாலு பேர் வாசிச்சப்போ போகாத நெட்டு, என்னையக் கண்டதும் போயிடுச்சாக்கும்? எல்சாவுக்கு மனசு குளுந்திருக்கும்."

"அவளை எதுக்குங்க இழுக்கறீங்க?"

"அன்னிக்கு ஹீட்டர்கூட எனக்குச் சூடாகலை. முழங்கால் வெடவெடன்னு ஆடுச்சு. அப்படியேதான் வாசிச்சேன்."

பவுல்ராஜ் சோதனைக்காக நேரலையை ஓடவிட்டு, ஸ்டெபிக்கும் லிங்க் அனுப்பினார். உடனே டீச்சரின் போன் அடித்தது.

"அம்மா, நல்லாத் தெரியுது. மேடையில ஏறி நில்லுங்க."

டீச்சர் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு ஏறினாள். குனிந்து காலடி ஹீட்டரின் சுவிட்சைத் தட்டினாள். கண்ணாடியை மாட்டினாள்.

"அம்மா? நின்னுடுச்சு. வட்டம் சுத்துது."

"பாத்தீங்களா! நான் ஏறினதும் போயிடுச்சு! கையும் களவுமா மாட்டினீங்க!"

"கையை மேல தூக்கிட்டுத்தானுங்க நிக்கறேன்."

உண்மைதான். ஒரு கையில் டேப் உருளை, மறு கை வெறுமை. ஆலய விளக்குகள் எரிந்தன. லேப்டாப் பேட்டரியில் ஓடியது. ரவுட்டரில் மட்டும் ஒரு விளக்கும் இல்லை. பவுல்ராஜ் அதன் வயரைத் தடவிக்கொண்டே போனார். மேடைக்குப் பின்னால் ஒரு பிளக் பெட்டி. அதிலேயே இன்னொரு தடித்த வயர். அது டீச்சரின் காலடியில் வந்து முடிந்தது.

"டீச்சர், இது யாரோட ஹீட்டருங்க?"

"என்னுதுதான். போன வருஷமும் இதைத்தான் ஊட்ல இருந்து கொண்டாந்தேன். ஏன்?"

"இப்போ சூடாகுதுங்களா?"

டீச்சர் கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

"இதைப் போட்டதும் லோடு தாங்காம இந்த லைன் ட்ரிப் ஆயிடுது, ரவுட்டரும் சேந்து போயிடுது. போன வருஷம் இறங்கறப்போ நீங்க அணைச்சிருப்பீங்க. ஆலய வாட்ச்மேன் மெயின் போர்டுல சுவிட்சைத் தூக்கிவிட்டதும் நெட் வந்திருக்கும்."

போனில் சிரிப்புச் சத்தம். "அம்மா, உங்களை நீங்களே கட் பண்ணிட்டீங்களா?"

"நீ போனை வை."

மறுநாள் ஹீட்டர் வீட்டிலேயே இருந்தது. டீச்சர் குளிரில் நின்றபடியே ஐந்தாவது வாசிப்பை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள். ஆராதனை முடிந்ததும் ஸ்டெபி கூப்பிட்டாள்.

"முழுசும் வந்துச்சும்மா. அழுதுட்டேன். ஆனா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முன் பெஞ்சுக்கு அடியில எதுக்கு எட்டி எட்டிப் பாத்தீங்க?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள்.

"எல்சா அங்கதான் உக்காந்திருந்தா. ஹீட்டர் ஏதாச்சும் கொண்டாந்திருக்காளான்னு பாத்தேன்."