பக்கத்து சீட்டுப் பிரேக்

டிரைவிங் மாஸ்டருக்குத் தன் வலது காலின் மேல் அபார நம்பிக்கை. மற்றவர்களுக்கு மூளை செய்கிற வேலையைத் தனக்குக் கால் செய்துவிடும் என்பார். அவருடைய பயிற்சிக் காரில் ஓட்டக் கற்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் உட்காரும் அவருக்கு ஒரு பிரேக். ஒன்றை மிதித்தால் மற்றதும் கூடவே இறங்கும்; எதை மிதித்தாலும் வண்டி நின்றுவிடும். ஊரில் பாதிப் பேர் முழு உடம்போடு நடமாடுவதற்குத் தன் கால்தான் காரணம் என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். இத்தனை வருஷத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எதையும் கேட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுவார். அப்படிக் கேட்காமல் இருப்பவர்களுக்குக் கம்பெனி தருகிற நோ கிளைம் போனஸைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சொந்தக்காரர்கள் மெதுவாக நழுவிவிடுவார்கள்.

அன்றைக்கு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தது அவர் மனைவி. லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிள்ளைகளுக்காக நர்ஸ் வேலையை விட்டவளுக்கு, படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை இப்போது கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேரவேண்டும். சொந்தமாகக் கார் ஓட்டத் தெரிந்திருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதற்காகவே, மற்ற மாணவர்களை 'வாங்க, போங்க' என்று தாங்கிவிட்டு வீட்டுக்காரியிடம் மட்டும் வள்ளென்று விழுகிற ஒரு வாத்தியாரிடம் வாய்மூடிப் பாடம் படித்திருந்தாள்.

சூப்பர் மார்க்கெட்டின் கீழ்த்தளத்துக் கார் பார்க்கிங். இரண்டு தூண்களுக்கு நடுவிலிருந்து வண்டியை அழகாகப் பின்னால் எடுத்து, வெளியேறும் வழியில் நத்தை வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். எங்கோ தூரத்தில், யாரோ விட்டுவிட்டுப் போன தள்ளுவண்டி ஒன்று சரிவில் லேசாக அசைந்தது. மாஸ்டரின் கால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டி தூக்கிப்போட்டு நின்றது. பின்னால் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஐயோ, பிரேக்கை அழுத்திட்டேனே!" என்று மனைவி பதறினாள். கார் பார்க்கிங்கில் பிரேக் மேலேயே கால் இருக்கவேண்டும் என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்ததால், பாவம், அவள் காலும் அங்கேதான் இருந்தது. மிதி தானாகக் கீழே போகும் என்று யார் நினைப்பார்கள்? மாஸ்டர் தன் பிரேக்கிலிருந்து காலை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பின்னால் இடித்த காரிலிருந்து ஒரு பெரியவர் கையைப் பிசைந்துகொண்டே இறங்கினார். அவருடைய பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. இவர்களுடையது குழிந்திருந்தது.

"தப்பு என்னுதுதாங்க. இடம் விட்டு வந்திருக்கணும். ஆனா ஒரு உதவி. இன்ஷூரன்ஸுக்குப் போகாம பேசி முடிச்சுக்கலாமா? நான் கண் டாக்டர். முன்னாடி போன கார் தெரியலைன்னு வெளிய தெரிஞ்சா அப்புறம் எவன் என்கிட்ட வந்து கண்ணைக் காட்டுவான்?"

"இல்ல டாக்டர், தப்பு என்னுது. காரணமே இல்லாம நடுவழியில நிறுத்திட்டேன்" என்றாள் மனைவி.

"நீங்க எப்ப வேணா நிறுத்தலாம்மா. நான்தான் பார்த்து வரணும்."

இரண்டு பேரும் பழிக்காக அடித்துக்கொண்டார்கள். உண்மையில் பிரேக்கை மிதித்த ஆசாமி நடுவில் நின்று இருவருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விடுங்க டாக்டர், தட்டி நிமிர்த்தினா சரியாப் போச்சு. அவங்கவங்க வண்டியை அவங்கவங்க பார்த்துக்கலாம். இதுக்குப் போய் எதுக்கு இன்ஷூரன்ஸ்?" என்றார் மாஸ்டர் பெருந்தன்மையாக. போனஸ் பிழைத்தது, மானமும் பிழைத்தது. டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

அப்போது மனைவி சாவியை நீட்டினாள்.

"நீங்களே ஓட்டுங்க. திங்கட்கிழமை வரலைன்னு சொல்லிடறேன். நோயாளியைப் பார்க்கப் போற வழியில நாலு பேரை நோயாளியாக்கற வேலை எனக்கு வேண்டாம்."

அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் சாதாரணமாகச் சொன்னாள். புது யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்ததை மாஸ்டர் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருந்தார். செய்தது அயோக்கியத்தனம் என்று அவருக்கே தெரிந்தது.

"நீ பிரேக் போடல. நான்தான் போட்டேன்" என்றார்.

"சும்மா இருங்க. என்னைத் தேத்தறதுக்காகப் பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா நான்தான்!"

"என்ன மனசு சார் உங்களுக்கு!" என்று டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் தப்பை ஒத்துக்கொண்டால் நம்புவதற்கு ஆளில்லை. மாஸ்டருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மனைவியை நம்பவைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. நினைக்கும்போதே நெஞ்சு வலித்தது. ஃபோனை எடுத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டார்.

"வண்டி ஓட்டினது யாரு சார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"என் மனைவி."

"திடீர்னு பிரேக் போட்டது?"

"நான்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்து சீட்ல."

"பக்கத்து சீட்ல ஏது சார் பிரேக்?"

"டிரைவிங் ஸ்கூல் வண்டிம்மா. எனக்கும் ஒண்ணு இருக்கு. எந்த அவசியமும் இல்லாம மிதிச்சுட்டேன். டாக்டர் மேல தப்பில்ல, ஓட்டினவங்க மேலயும் தப்பில்ல. முழுக்க என் தப்புன்னு எழுதிக்குங்க."

அந்தப் பெண்ணுக்கே மனசு கேட்கவில்லை. "சார், உங்க ரெக்கார்டு சுத்தமா இருக்கு. இப்படி எழுதினா நோ கிளைம் போனஸ் போயிடும். வேணும்னா யோசிச்சுட்டு அப்புறம் கூப்பிடறீங்களா?"

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "போகட்டும்மா. எழுதுங்க."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சாவியை நீட்டியிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. ஊருக்காகப் பொய் சொல்லுவார், உறவுக்காகப் பொய் சொல்லுவார். போனஸை விட்டுக்கொடுத்துப் பொய் சொல்லுகிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"அப்ப, நேத்து ரவுண்டானாவுல குலுங்கி நின்னது?"

"...நான்தான்."

"பெட்ரோல் பங்க் வாசல்ல?"

"அது... அதுவும்தான்."

"கண்ணு எங்க இருக்குன்னு கேட்டு அன்னிக்குப் பூரா திட்டினீங்களே?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். டாக்டர் மரியாதைக்குத் தன் பம்பரைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு நல்லாத்தான் ஓட்ட வருது" என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல். முகத்தில் கோபம் வரும் என்று மாஸ்டர் காத்திருந்தார். வந்தது சிரிப்பு. அவள் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். மாஸ்டர் மறுபக்கம் ஓடிக் கதவை இழுத்தார். பூட்டியிருந்தது. கண்ணாடி மட்டும் ஒரு விரல் அகலம் இறங்கியது.

"திங்கட்கிழமை தனியாத்தானே போகணும்? இன்னிக்கே பழகிக்கறேன். நீங்க பஸ்ல வாங்க."

வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பியது. சரிவில் ஏறி, முனையில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, வெயிலுக்குள் திரும்பி மறைந்தது. இவ்வளவு நன்றாக ஓட்டுகிற ஒரு மாணவியை மாஸ்டர் பார்த்ததே இல்லை.

"நீங்க வருத்தப்படாதீங்க சார், நான் கொண்டுபோய் விடறேன்" என்றார் டாக்டர்.

மாஸ்டர் நன்றி சொல்லி முன்பக்கக் கதவில் கை வைத்தார்.

டாக்டர் ஓடி வந்து அதைச் சாத்திவிட்டு, பின் கதவைத் திறந்துவிட்டார்.