மாமாவின் கட்

நாளைக் காலை என் வலது கண்ணில் கத்தி வைக்கப் போகிறவர், இன்று காலை முதல் குழியிலேயே பந்தை மரங்களுக்குள் அடித்துவிட்டு, "கட்" என்றார்.

அவர் என் மாமனார். கண் டாக்டர். எழுபதைத் தாண்டியும் ஆஸ்பத்திரியை விடாதவர். எனக்குக் கண்புரை என்று தெரிந்ததும் என் மனைவி, "அப்பா இருக்கும்போது வேற யாருகிட்ட போறது?" என்று பேச்சை அத்தோடு முடித்துவிட்டாள். எனக்கும் அதில் மறுப்பு இல்லை, இன்று காலை வரைக்கும். ஆபரேஷனுக்கு முதல் நாள் வீட்டில் இருந்தால் நான் அறை அறையாக நடந்தே அவள் உயிரை எடுத்துவிடுவேன் என்று, "இவரையும் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று கோல்ஃப் மைதானத்துக்குத் தள்ளிவிட்டதும் அவள்தான்.

மாமாவின் கட் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். கொடி எதிரே இருந்தால் அவர் அதை நேரே பார்த்து நிற்கமாட்டார். காலையும் தோளையும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக்கொள்வார். மட்டையின் முகம் மட்டும் கொடியைப் பார்க்கும். கால் காட்டுகிற வழியிலேயே வீசுவார். பந்து இடப்பக்கம் கிளம்பும். பார்க்கிறவன் 'போச்சு' என்பான். மேலே போன பிறகு அது மெல்ல வலப்பக்கம் சாய்ந்து, கொடிக்குப் பக்கத்தில் மெத்தென்று விழுந்து உட்கார்ந்துவிடும். எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவு காலைத் திருப்ப வேண்டும். வளைவு கைமீறாமல் இருக்க, இடது கையின் கடைசி விரல்கள் மட்டையை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அவை தளர்ந்தால் மட்டையின் முகம் திறந்துகொள்ளும். பந்து வலப்பக்கம் தறிகெட்டு ஓடும். இதையெல்லாம் அவர் சாப்பாட்டு மேசையில் கரண்டியைப் பிடித்துக் காட்டி நூறு தடவை விளக்கியிருக்கிறார். "நேரா போறது அதிர்ஷ்டம் மாப்பிள்ளை. வளைச்சு அடிச்சு நினைச்ச இடத்துல உட்கார வைக்கிறதுதான் கை" என்பார்.

முதல் பந்து போனதை நான் பார்க்கவில்லை. தூரத்தில் இருப்பதெல்லாம் எனக்குப் பால் கலந்த தண்ணீர்தான். கிளையில் மோதிய சத்தம் கேட்டது. ஆனால் என் இடது கண் பக்கத்தில் இருப்பதை ஒழுங்காகவே காட்டும். மாமாவின் கால்கள் இடப்பக்கம் திரும்பியிருக்கவில்லை. நேரே அடிக்கத்தான் நின்றிருக்கிறார். பந்து வளைந்து போன பிறகு அதற்குக் கட் என்று பெயர் வைத்துவிட்டார்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது குழியில் பந்து புதருக்குள் போனது. "காத்து" என்றார். ஓர் இலைகூட அசையவில்லை. மூன்றாவதில் மணலுக்குள் போனது. "மட்டை இன்னும் கைக்குப் பழகல" என்றார். என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் வைத்திருக்கிற மட்டை அது. நான் பேட்டரி வண்டியில் ஏறினேன், இறங்கினேன், சுத்தமாக இருந்த கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். "ஏன் மாப்பிள்ளை, எறும்பு கடிக்குதா?" என்று வேறு கேட்டார்.

என் வேலை லிஃப்ட் பரிசோதனை. கயிறு தேய்ந்திருந்தால், எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும், "இன்னையிலேர்ந்து ஓட்டக் கூடாது" என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறவன் நான். மாமாவிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, காலையில பிரஷர் மாத்திரை போடலாமான்னு அப்பாகிட்ட கேட்டீங்களா?"

"கேக்குறேன்."

"எப்படி ஆடுறார்?"

"அடிச்சு நொறுக்குறார்." எதை என்று நான் சொல்லவில்லை.

"பார்த்தீங்களா! அந்தக் கைதான் நாளைக்கு உங்க கண்ணுல. அப்புறம் எதுக்குப் பயம்?"

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்தேன். அங்கே வலப்பக்கம் முழுக்கக் குளம்.

"மாமா, இங்க கட் வேண்டாம். நேரா ஒண்ணு அடிங்களேன்."

"ஏன்?"

"சும்மா. பார்க்கணும் போல இருக்கு."

"உங்களுக்குத்தான் பந்தே தெரியாதே!"

"சத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சுக்கிறேன்."

சிரித்துக்கொண்டே நின்றார். நான் பந்தைப் பார்க்கவில்லை. அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மட்டை பந்தில் படுகிற சமயம், கையுறைக்குள் இருந்த மோதிர விரலும் சுண்டு விரலும் பிடியை விட்டுத் திறந்துகொண்டன. குளத்தில் தண்ணீர் தெறித்த சத்தம் கேட்டது. இன்னொரு பந்தை வைத்தார். அதுவும் குளத்துக்கே போனது. மூன்றாவதற்கு அவர் சிரிக்கவில்லை. காலை இடப்பக்கம் நன்றாகத் திருப்பி, தோளைத் திருப்பி, தன்னுடைய வழக்கமான 'கட்' அடியையே அடித்தார். அதையும் குளம் வாங்கிக்கொண்டது.

ஆபரேஷன் செய்யும்போது அந்த இரண்டு விரல்களைத்தான் நோயாளியின் நெற்றி எலும்பில் ஊன்றிக்கொள்வதாக அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அது ஞாபகம் வந்ததும் என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது.

"மாமா, நாளைக்கு என் கண்ணை நீங்க தொடக் கூடாது."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். அவர் மட்டையைப் புல்லில் போட்டுவிட்டுக் கையுறையை மெதுவாக உருவினார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்க வேண்டிய சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. காரை ஓட்டிக்கொண்டு வந்தபோதும் அவர் கையுறையைக் கழற்றாதது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"முழங்கையில நரம்பு அழுத்துது" என்றார். "மூணு மாசமா நான் யாருக்கும் பண்றதில்ல. எல்லாம் ஜூனியர்தான். நான் பக்கத்துல நின்னு தலையாட்டுறேன்."

"அப்ப எனக்கு மட்டும்?"

"உங்க பொண்டாட்டி வந்து கேட்டா. அப்பா கையாலதான் வேணும்னா. ஊர்ல எல்லார்கிட்டயும் முடியாதுன்னு சொல்லிட்டேன். அவகிட்ட சொல்ல நாக்கு எழல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவும் மகளும் பாசம் கொண்டாட என் கண்தானா கிடைத்தது? கத்தியிருப்பேன். ஆனால் அவர் அந்தக் கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுபடியும் போன் அடித்தது. "மாத்திரை என்ன ஆச்சு?" என்றாள்.

"நான் சொல்றதைக் கேளு. எனக்குப் பயமா இருக்கு. அப்பா வேண்டாம், அவரோட ஜூனியர்கிட்டயே பண்ணிக்கிறேன்."

"என்னது? அப்பா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? உங்களுக்கு மூளை இருக்கா?" அவள் குரல் மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். மாமா வலது கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினார்.

"அவர் பொய் சொல்றாரும்மா. என் கை சரியில்ல."

மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நரம்பு, மூணு மாசம், ஜூனியர் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் அங்கேயே இருங்க" என்றாள் மனைவி. குரல் கரகரத்தது. "காரை ஒருத்தரும் தொடாதீங்க. நான் வரேன்."

பேட்டரி வண்டியில் குளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பின்னால் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"அழுதாளா?" என்றார் மாமா.

"இல்ல. திட்டினா."

"என்னையா?"

"என்னைத்தான். நீங்களாவது முதல்லயே சொல்லக் கூடாதான்னு."

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. மாமா லேசாகச் சிரித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை, காலை நீட்டினேன், மடக்கினேன், கடைசியில் கேட்டேவிட்டேன்.

"நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா நாளைக்கு என்ன பண்ணியிருப்பீங்க மாமா?"

கடைசி நிமிஷத்தில் நிறுத்தியிருப்பேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியும் இருப்பேன்.

"ஆபரேஷனைப் பண்ணியிருப்பேன் மாப்பிள்ளை" என்றார்.