ஒன்பது புள்ளிப் படம்

புள்ளிகளும் அவற்றைச் சேர்க்கும் கோடுகளுமான படங்களைப் பற்றிய கணக்கு, கிராஃப் தியரி. அந்த வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். சின்னப் படத்தோடு ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்துப் பெரிசாக்கிக்கொண்டே போகாதே, அந்த வழியில் வராத படம் விட்டுப்போகும். பெரிய படத்தை எடுத்து ஒரு புள்ளியைப் பிடுங்கிப் பார் என்பேன். எனக்குப் பேரும் பதவியும் வாங்கித் தந்த தேற்றத்தில் அதே தப்பை நானே செய்து வைத்திருக்கிறேன்.

ஓர் ஆய்விதழ் மதிப்பிடச் சொல்லி அனுப்பிய கட்டுரையில்தான் அது தெரிந்தது. அதில் ஒன்பது புள்ளிகளும் சில கோடுகளுமாக ஒரு படம். என் தேற்றத்துக்கு அது அடங்கவில்லை; அப்படி ஒரே ஒரு படம் இருந்தாலும் தேற்றம் தப்பு. எழுதியவள் என் பழைய மாணவி. மதிப்பிடுபவர் யாரென்று வெளியே தெரியாது என்ற தைரியத்தில், தேற்றத்தின் நிபந்தனையையே இவர் புரிந்துகொள்ளவில்லை என்று எழுதி நிராகரித்தேன். பச்சைப் பொய். அவளுடைய வேலை நிரந்தரமாவது அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

நேற்று அவள் வீட்டுக்கு வந்தாள். உங்க மேடம் கொஞ்ச நாளாக என்னோடு சண்டையே போடுவதில்லை, உடம்புக்கு என்னவோ என்று என் வீட்டுக்காரர் அவளிடம் கிண்டலடித்துவிட்டுக் காபி போடப் போனார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"நிபந்தனை புரியலன்னு எழுதியிருக்காங்க மேடம். எவ்வளவு பார்த்தும் எங்க தப்புன்னு தெரியல. எனக்கு இது வராதுன்னா சொல்லிடுங்க, விட்டுடறேன்."

கூனிக் குறுகிப் போனேன். "உன் படம் சரிதான். தப்பு என் தேற்றத்துல."

அவள் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்றாள். நான் எழுதியதில் தப்பிருக்க வழியே இல்லை என்றாள். பையிலிருந்து பென்சிலை எடுத்து, தன் படத்தில் இல்லாத தப்பை மறுபடியும் தேட ஆரம்பித்தாள். பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். பார்க்கச் சகிக்கவில்லை. அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நிபந்தனை புரியலன்னு எழுதி அனுப்பினதே நான்தான்."

அவள் கையை உருவிக்கொண்டாள். காபியோடு வந்த என் வீட்டுக்காரர் கதவோரமாகவே நின்றுவிட்டார்.

"படம் சரின்னு தெரிஞ்சே எழுதுனீங்களா?"

"ஆமா. இன்னிக்கே இதழுக்கு உண்மையை எழுதிடறேன்."

"எழுதுங்க" என்றாள். தாள்களை அடுக்கிப் பையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான்தான் முட்டாள்னு நினைச்சு அழுதுட்டிருந்தேன் மேடம்."